ஓடுது

நைட் ஷிஃப்ட் முடிகிற நேரம்
லாக் புக்கில் எழுதினேன்: ட்ரையல் ரன் ஓகே.
கையெழுத்துப் போட வந்த லியாவ் ஷூன்
அந்த நடுச் சொல்லில் பேனாவை நிறுத்தி
மேசைமேல் இரண்டு விரலை ஓடவிட்டு
யாரு என்று புருவத்தால் கேட்டார்.
மெஷின் சார்.
நான்கு போல்ட் போட்டு அதைத் தரையோடு இறுக்கியதே அவர்தான்.
குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பெட்டி பெட்டியாய் இறங்கிய மெஷின்களோடு
ஓசூர் சிப்காட்டுக்கு வந்த ஃபிட்டர்.
ஆங்கிலத்தில் நான் பன்னிரண்டாம் வகுப்பு,
அவர் பன்னிரண்டாம் வாரம்.
சட்டைப்பையில் பச்சை அட்டை நோட்டு.
ரன்னுக்கு நேரே ஓர் எழுத்து வரைந்திருந்தார்.
அதன் இடப்பக்கம் இருப்பது கால் என்று
முழங்காலைத் தட்டிக் காட்டினார்.
மெஷினுக்கு அது ஆகாது.
அடித்துவிட்டு வேறு எழுதினார், இரண்டு எழுத்தாக.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவரை விடவில்லை.
டிசம்பர் பனியில் எனக்குச் சளி.
நோஸ் ரன்னிங் என்று லீவு கேட்டேன்.
என் மூக்கைப் பார்த்தார்,
இருந்த இடத்திலேயே இருந்தது.
இடப்பக்கம் மூன்று சொட்டு நீர் வைத்து
இன்னோர் எழுத்து.
கேன்டீனை ரன் பண்றது ராயக்கோட்டைக்காரர் என்றார்கள்,
அவரோ நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.
ஸ்க்ரூ தீர்ந்தால் ரன் அவுட்.
டிவியில் ஸ்டம்ப் சிதறினாலும் ரன் அவுட்,
அதற்கு மட்டும் பையன்கள் ஏன் கத்துகிறார்கள்?
டீ கிளாஸ்களை ஸ்டம்ப்பாக நட்டு
அரைமணி நேரம் விளக்கினோம்.
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல்
அட்டையின் உள்புறம் எழுதிக்கொண்டார்.

நான் சிரித்தேன்.
சிரித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான்
எங்கள் வாய் எனக்குக் கேட்டது.
முன் சீட்டில் ஒருத்தி: படம் நூறு நாள் ஓடும்டி.
டிரைவர்: இந்த வண்டி இனிமே ஓடாது.
போனில் நான்: தலைக்கு ஒண்ணும் ஓடலம்மா.
வீட்டுக் கூரைமேல் இருப்பது ஓடு,
முட்டையை மூடியிருப்பது ஓடு.
அசையாமல் கிடப்பதற்கும்
ஓடு என்றே பேர் வைத்தவர்கள் நாங்கள்.
மறுநாள் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன்,
பழிக்குப் பழி.

மூணாம் லைன் பிரமீளா வராத திங்கட்கிழமை
ஓடிப்போயிட்டா என்றார்கள்.
லியாவுக்குச் சொல் புரிந்தது.
என்ன அவசரம் என்பதுபோல் கேட்டைப் பார்த்தார்.
மாப்பைப் பிழிந்தபடி பாகலூர் ரத்னம்மா
ஓடிப்போயிந்தி என்றாள்.
தெலுங்கில் அது தோற்றுப்போனாள்.
எங்கள் ஊரில் இரண்டு மொழிக்கும் நடுவே
ஒரு தட்டியடைப்புகூடக் கிடையாது.
ஒரு பெண் வாசலைத் தாண்டினால்
ஒரு காதில் ஓடுகிறாள்,
மறு காதில் தோற்கிறாள்.

லியாவ் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.
பிரமீளா போன மாதம்தான்
வெள்ளை ஷூ வாங்கியிருந்தாள்,
லேஸ் கட்டத் தெரியாமல் என்னிடம் காலை நீட்டினாள்.
கால் இருக்கிற எழுத்தையே போடுங்க சார், என்றேன்.

பிப்ரவரியில் விசா முடிந்தது.
ரன் அவுட், என்று அவரே சொல்லி
ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.
பையன்கள் கத்தவில்லை.

கடைசி ஷிஃப்ட்,
சர்வீஸுக்காக லைன் முழுக்க நிறுத்தியிருந்தது.
அத்தனை அமைதியில் வந்து நின்று தமிழில் கேட்டார்:
நாகவேணி, ஓடுதா?

அம்மாவின் ஸ்கேன், தம்பியின் பைக் தவணை,
சனிக்கிழமை பார்த்துவிட்டுப் போய்
இன்னும் பதில் சொல்லாத சூளகிரி மாப்பிள்ளை வீடு.
ஓடுது சார், என்றேன்.

நோட்டைத் திறந்தார்.
இடப்பக்கம் எதை வைப்பது,
காலா, நீரா?
கொஞ்ச நேரம் பேனாவைக் காற்றில் வைத்திருந்து
மூடிவிட்டார்.

கேட்டில் கெலமங்கலம் பஸ் ஹாரன்.
பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கால் உள்ளதுதான்.